வெறும் எண்டர்

ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி பதினோரு வருஷம் நிற்குமா? ஃப்யூஸுக்கு நின்றது.

கல்லூரி கம்ப்யூட்டர் அறையில் ஒயர், பேட்டரி, ஃபேன் எல்லாம் அவர் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட ஆள். ஃப்யூஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். முதலாண்டுக்குப் புரோகிராம் சொல்லித்தரும் மேடம் ஒருநாள் அறுபது பேர் முன்னால் அவரை நிறுத்தி, “இவருக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கூப்பிட்டேன்” என்றார்.

வீட்டில் சொல்லிக் குமுறியதற்கு மனைவி, “அவங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்” என்றாள்.

அதிலிருந்து பிள்ளைகள் எழுதும் புரோகிராம் எல்லாம் முதலில் அவர் கைக்குத்தான் வரும். வயது கேட்டால் பெயரைத் தட்டுவார். புரோகிராம் மண்ணைக் கவ்வும்.

“வயசுன்னா நம்பர்னு தெரியாதாண்ணே?” என்று எழுதினவன் பல்லைக் கடிப்பான்.

“அவர் எதை வேணா தட்டுவார்டா. தாங்க வேண்டியது உன் புரோகிராம்” என்பார் மேடம். அது மட்டும் ஃப்யூஸ் காதில் ஏறவே இல்லை.

மேடத்துக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இன்றோடு வேலையை விடுகிறார். புதுப் பிள்ளைகள் பழகிப் பார்க்க, ஆறு கேள்வி கேட்கும் ஒரு புரோகிராமை நாலு மாதம் தடவித் தடவி எழுதியிருந்தார். திங்கட்கிழமை அது வகுப்பில் ஓடும். பாதியில் நின்றால், ‘கண்ணு போனப்பவே அனுப்பியிருக்கணும்’ என்று ஆசிரியர் அறையில் பேசுவார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதையும் தட்டிப் பார்க்க உட்கார்ந்த ஃப்யூஸ், மூன்றாம் கேள்வியில் பதில் எதுவும் போடாமல் எண்டரை அமுக்கினார். திரை அசையாமல் கல்லாய் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். மேடம் கைப்பையை மடியில் வைத்து, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“நல்லா ஓடுது மேடம்.”

“ஆறு கேள்வியும்?”

“ஆறும்.”

“மூணாவதுக்கு அப்புறம் கீபோர்டு சத்தமே வரலையே.”

ஃப்யூஸ் அவசரமாக நாலு எழுத்தைத் தட்டினார்.

“பாவம் பாக்குறீங்களா? இத்தனை வருஷத்துல, ஓடாததை ஓடுதுன்னு நீங்க சொன்னதே இல்ல. இன்னிக்கா ஆரம்பிக்கணும்?”

“நான் ஒண்ணும் பண்ணல மேடம். வெறும் எண்டர் தட்டினேன்.”

“அதேதான் பிள்ளைங்களும் தட்டும். எனக்குத் தோணாம போச்சு பாருங்க.”

பதில் காலியாக இருந்தால் மறுபடி கேள். விஷயம் அவ்வளவுதான். மெஷினுக்குப் புரிகிற மாதிரி மேடம் எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஃப்யூஸ் ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தினார். ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு மெஷின் இரண்டு தடவை முறைத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாம் கேள்வி நகர்ந்தது.

இடுப்பு விட்டுப்போய், ஃப்யூஸ் சாவிக்கொத்தை எடுத்தார். “கிளம்பலாமா மேடம்?”

“உக்காருங்கண்ணே. ஒரு இடத்துல கை வச்சா இன்னொரு இடத்துல பிச்சுக்கும். முதல் கேள்வியிலேர்ந்து ஆறையும் மறுபடி தட்டிடுங்க.”