காற்றில்லாமல் வந்த அலை

பேசாலையில் பிறந்த ஒருத்தி அலையைக் கண்டு பயந்தேன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் நடை பழகுவதே ஈர மணலில்தான். நானும் அப்படித்தான் பழகினேன். ஆனாலும் எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, சித்திரை மாதத்து வெயிலில், பனையோலைகூட அசையாத மூன்று நாட்கள் நான் கடலுக்குப் பயந்து கிடந்தேன். புயலுக்குப் பயப்பட எல்லாருக்கும் தெரியும். எங்களை நடுங்கவைத்தது புயல் வராததுதான்.

அது எங்கள் மன்னார்த் தீவுக்கு ரயில் வருவதற்கு முந்திய காலம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பேசாலைக் கடல் கொந்தளிக்கும் என்பதால் எங்கள் ஆட்கள் தீவின் மறுபக்கத்துத் தென்கரைக்குப் போய், ஓலைக் கொட்டில்கள் போட்டு, மீன் பிடித்துக் காயவைப்பார்கள். அந்தக் கொட்டில்களை வாடி என்போம். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எழுவதற்குள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவோம். அந்த வருடமும் திரும்பும் நாள் நெருங்கியிருந்தது. காய்ந்த கருவாட்டை ஏற்றிக்கொண்டு சித்தப்பா கொழும்புக்கு வத்தையில் போயிருந்தார். வத்தை என்பது பாய் கட்டி ஓடும் சரக்குத் தோணி. விடியமுன்னரே புறப்பட்டுவிட்டார்; நான் எழும்பிப் பார்த்தபோது பாய்கூடத் தெரியவில்லை.

சித்தி வாடியில் இருந்தாள். கலியாணமாகி ஒரு வருடம் நிறையவில்லை, வயிற்றில் பிள்ளை. அம்மா, காய்ச்சல் கண்ட தம்பியைத் தூக்கிக்கொண்டு பேசாலைக்குப் போனபோது, சித்திக்குத் துணையென்று என்னை விட்டுப் போனார். துணையாக இருப்பதென்றால் அவளுடைய பாயில் படுத்துக்கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. அடுப்புப் புகை நேரே மேலே போனது. அந்த நேரத்தில், கரையோரத்துத் தண்ணீர் யாரோ இழுத்தாற்போலப் பின்வாங்கியது. ஒருநாளும் வெளியே தெரியாத, கடலடியில் வளரும் சாதாழைப் புல் வெயிலில் மினுங்கியது. பிறகு தூரத்தில் தாழ்வான ஒரு மேடு எழும்பி, அவசரமே இல்லாமல் வந்து, கரையில் விழுந்து, கயிற்றில் தொங்கிய மீன்களுக்குக் கீழேவரை ஓடிவந்தது. அவ்வளவுதான். கடல் மறுபடி எண்ணெயாகிவிட்டது. அடுத்தது வராதாக்கும் என்று நினைத்து நான் தண்ணீருக்குள் கால் வைத்தபோது மறுபடியும் அது பின்வாங்கத் தொடங்கியது.

வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். வலைகளுக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியார்தான் கடைசியில் வாய் திறந்தார்.

“காத்தில்லாத அலை நல்லதுக்கில்லை. தெற்கால எங்கயோ பெரிய புயல் கிடக்கு.”

தெற்கேதான் சித்தப்பா போயிருந்தார். அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் சித்தியின் முகத்தைப் பார்த்ததையும், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டதையும் நான் கண்டேன். பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்ளும்போதுதான் பிள்ளைகளுக்கு விஷயம் விளங்கும். வத்தை புயலுக்குள் அகப்பட்டுவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த வருடம் நான் கோவிலில் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்குவதாக இருந்தது. உபதேசியார் எங்களுக்குச் செபங்களைப் பாடமாக்கியிருந்தார். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் எனக்கு அப்போதுதான் பிசகில்லாமல் வரத் தொடங்கியிருந்தது. சொல்லை விழுங்கினால் அது மாதாவிடம் போய்ச் சேராது என்பது உபதேசியாரின் கண்டிப்பு. நான் வள்ளத்து நிழலில் இருந்து ஒரு அலை விழுந்ததும் மந்திரத்தைத் தொடங்கினேன். ஆறுதலாகச் சொல்லி, ஆமென் போட்டு, மூச்சும் விட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த அலை விழுந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் அப்படியே. அலை விழமுன் நான் முடித்துவிட்டால் சித்தப்பாவுக்கு ஒன்றும் நடக்காது என்று, யாரையும் கேட்காமல், மாதாவோடு நானே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். அன்று பொழுது சாயும்வரை அவரைக் காப்பாற்றினேன். சித்தி சாப்பிடக் கூப்பிட்டபோது, கொஞ்ச நேரம் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்ற பதற்றத்தில் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் அலைகள் கொஞ்சம் உயர்ந்திருந்தன. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. ஆமென் சொன்னதும் அலை விழுந்தது. மூச்சு விட இடமில்லை. முதலில் நான்தான் இழுத்துச் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் வேகமாகச் சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் வேகமாகச் சொல்லவேண்டி வந்தது. ஆட்களும் அதைக் கவனித்திருந்தார்கள். அலை நெருக்கமாக வருகிறது, ஆகையால் புயலும் நெருங்குகிறது என்று பேசிக்கொண்டார்கள். வானத்தில் ஒரு முகில் இல்லை. அந்த வெயிலில் நின்றுகொண்டுதான் அப்படிப் பேசினார்கள்.

பெண்களும் பிள்ளைகளும் பேசாலைக்குப் போகவேண்டும் என்று சம்மாட்டியார் சொன்னார். மற்றவர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சித்தி போகவில்லை.

“அவர் வந்து இறங்கிறது இந்தக் கரையில. நான் இல்லாட்டி எங்கயெண்டு தேடுவார்?”

ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கர்ப்பிணிப் பெண்ணை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. மறுநாள் விடிந்ததும், மன்னார் நகரத்துத் தந்திக் கந்தோரில் ஏதாவது சேதி இருக்குமா என்று விசாரிக்க நடந்தே போனார். போகும்போது, சித்தியைக் கொட்டிலைவிட்டு வெளியே விடவேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் நான் தோற்றுப்போனேன்.

அன்று பறுவம், முழுநிலா நாள்; தண்ணீர் ஏற்கனவே மேலே ஏறியிருந்தது. ஆட்களும் வலைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு அப்பால் போயிருந்தார்கள். அலைகள் ஆளுயரத்துக்கு வந்தன. மந்திரத்தின் கடைசிப் பகுதியில் எங்கள் மரண நேரத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு இடம் இருக்கிறது. நான் எவ்வளவு விரைந்து சொன்னாலும் அந்த இடத்துக்கு வரும்போது அலை விழுந்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே இடம். சொற்களை விழுங்கினேன். விழுங்கினால் போய்ச் சேராது என்று நினைவு வர, திரும்ப முழுதாகச் சொன்னேன். அந்த இடத்துக்கு வரமுன்னரே அலை விழுந்துவிட்டது. உச்சி வெயிலில் பற்கள் அடித்துக்கொண்டன. சித்தப்பா செத்துப்போனார் என்று எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. அதை நான் ஒருத்தி மாத்திரம் தெரிந்துவைத்திருப்பதைத் தாங்க முடியவில்லை.

கொட்டிலுக்குள் ஓடினேன். சித்தி சாக்கொன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தப்பா வரமாட்டார், சித்தி” என்றேன்.

ஊசி நின்றது. அவள் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்.”

ஏன், எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அலையைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும் சொல்லியிருப்பேன். அவள் மெல்ல எழும்பினாள். சேலையைச் சரிசெய்தாள். பிறகு என்னைக் கடந்து, வெளியே, கடலை நோக்கி நடந்தாள்.

ஐயா சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்து பின்னால் ஓடினேன். அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். முழங்காலளவு, பிறகு அதற்கும் மேலே. நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போனது. நான் விழப்போனேன். பிடிக்க வேறொன்றும் இல்லாமல் அவளுடைய சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அடுத்த அலை எங்கள் இருவரையும் தூக்கி எறிந்தது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. நான் பிடியை விடவில்லை. எழும்பினோம். அவள் நின்றாள். நான் அழுதேன். மறுபடி ஒன்று வந்தது.

ஐயாவின் குரல் கேட்டது. மன்னாரிலிருந்து திரும்பியவர் கரை வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு ஓடிவந்திருக்கிறார். என்னை ஒரு கையிலும் சித்தியை ஒரு கையிலுமாகப் பிடித்து இழுத்துப் பனங்கூடல் மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கடல் வாடிக்குள் புகுந்தது. ஓலைகளைக் கழற்றியது, பானைகளை உருட்டியது, மிஞ்சியிருந்த கருவாட்டையெல்லாம் ஈர மணலில் பரப்பிவிட்டது. அத்தனையும் ஒரு துளி காற்றில்லாமல். பனையோலைகள் தலைக்கு மேலே சும்மா நின்றன. அந்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர் கூச்செறியும்.

கொழும்பில் நல்ல வெயில் என்றும், காற்று என்று எங்கிருந்தும் சேதி இல்லை என்றும் தந்திக் கந்தோரில் சொன்னார்களாம். ஐயா அதை நம்பவில்லை.

“கம்பி போறது தரையால. கடலுக்குள்ள என்ன நடக்குதெண்டு அதுக்கு என்ன தெரியும்?”

பேசாலைக் கோவிலில் சனம் நிறைந்திருந்தது. எல்லாரும் புயலை எதிர்பார்த்து முழந்தாளில் நின்றோம். கடலோ நாளுக்கு நாள் சிறுத்து, அவசர அவசரமான குட்டி அலைகளாகி, ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. புயல் வரவேயில்லை. வந்தது சித்தப்பாதான். கையில் புதுக் குடையொன்றுடன், வெற்றிலை போட்டுக்கொண்டு, சிரித்தபடி வந்தார். கரையில் நடந்ததைக் கேட்டு அவர்தான் திகைத்துப்போனார். வழியில் எந்த இடத்திலும் காற்றுக் கடுக்கவில்லை, பாய்க்கே காற்றுப் போதாமல் இருந்தது என்றார். ஆழக்கடலில் வத்தை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியதாம். தொட்டிலில் கிடப்பதுபோல நன்றாக நித்திரை வந்ததாம். ஆண்களெல்லாம் அவரைச் சூழ்ந்துகொண்டு, அந்தப் புயல் அப்படியானால் எங்கே போனது என்று வாதாடினார்கள். சித்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வெளியே வர வெகுநேரமாயிற்று.

புயல் எங்கே போனது என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது யாழ்ப்பாணத்தில், ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில். முப்பட்டைக் கண்ணாடி ஒன்றால் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டினார்கள். கண்ணாடிக்குள் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால்தான் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. நீளமான கம்பியின் ஒரு முனையில் தட்டினால் மறுமுனைக்குக் கீச்சென்ற ஓசை முந்தியும் கனத்த ஓசை பிந்தியும் வந்து சேர்வதும் அதே காரணத்தால்தான். ஆழக்கடலில் இடைவெளி நீண்ட அலைகள் முந்தி ஓடும், குறுகிய அலைகள் பின்தங்கும் என்ற வரியைப் படித்தபோது வாடியின் அந்த மூன்று நாட்கள் கண்முன் வந்து நின்றன. மடு மாதா கோவில் திருவிழாவுக்கு எங்கள் ஊரார் ஒன்றாகத்தான் நடக்கத் தொடங்குவார்கள். இளந்தாரிகள் முதலில் போய்ச் சேருவார்கள். பிள்ளை தூக்கியவர்கள் கடைசியில். அதைக் கண்டு பேசாலையே மடுவை நோக்கி வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் கடலைப் பார்த்து அதைத்தான் சொல்லியிருக்கிறோம். தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் தரையே இல்லாத பெருங்கடலில் எப்போதோ அடித்த ஒரு புயல், எல்லா அலைகளையும் ஒன்றாக அனுப்பிவிட்டு, ஓய்ந்தும் போயிருந்தது. நீண்டவை முதலில் வந்தன. நெருக்கமானவை பிறகு வந்தன. நெருங்குகிறது என்று நாங்கள் நடுங்கியதெல்லாம் முடிந்துபோன ஒன்றின் வால்.

விடுமுறைக்குப் போனபோது இதைச் சித்திக்குச் சொல்லவேண்டும் என்று துடித்தேன். முற்றத்து மணலில் நீளமாகவும் குட்டையாகவும் கோடுகள் கீறி, அந்த மூன்று நாளும் நான் மந்திரம் சொன்னதையும், தோற்றுப்போனதையும், அதனால்தான் அவளிடம் வந்து அப்படிச் சொன்னதையும் விளக்கினேன். அவளுடைய மூத்த மகன் அப்போது என் தோளளவு வளர்ந்திருந்தான். அவனை உள்ளே அனுப்பிவிட்டுச் சித்தி கோடுகளைக் குனிந்து பார்த்தாள்.

“நீ அலையை எண்ணித்தான் சொன்னனியெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை.”

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். சித்தப்பா புறப்பட்ட அன்று விடியப்புறம் இருவருக்கும் பெரிய சண்டையாம். எதற்கென்றுகூட இப்போது நினைவில்லையாம்.

“போகேக்க, இனி இந்தப் பக்கம் வராதேங்கோ எண்டு சொல்லிப்போட்டன். நீ வந்து வரமாட்டார் எண்டு சொல்லேக்க என்ர வாய் பலிச்சுப்போச்சுதெண்டு நினைச்சன். உனக்கு ஆர் சொன்னதெண்டு கேட்டனான். ஒருத்தரும் இல்லையெண்டாய். அதோட எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு. நீ மட்டும் சீலையைப் பிடிச்சிராட்டி...”

சித்தப்பாவைத் தேடித்தான் அவள் கடலுக்குள் இறங்கினாள் என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அந்தச் சேலையை நான் பிடித்ததும் அவளைக் காப்பாற்ற அல்ல, அலை என்னை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில்.