நான் முத்திரை குத்தி வெளியே அனுப்பிய புத்தகம்

1. பிளாஸ்டிக் கவரில் ஒரு கடிதம்

செல்வராணி முதல் தடவை எங்கள் லைப்ரரிக்கு வந்தது ஒரு ஜூன் மாதப் புதன்கிழமை. காலையிலிருந்தே மழை. ஐம்பது வயதை ஒட்டிய பெண், ஸ்டாச்யூ ஜங்ஷன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடையையும் மீறி முழுக்க நனைந்திருந்தார். நனையாமல் இருந்தது அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் கவர் மட்டும்தான்.

கவருக்குள் ஒரு கடிதம். எங்கள் லைப்ரரியின் லெட்டர்ஹெட், டைப் அடித்தது. போனக்காடு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஞானமுத்து என்பவர் தம் கைப்பட எழுதி பைண்ட் செய்த ஒரு தமிழ்ப் புத்தகத்தை நன்றியுடன் பெற்றுக்கொண்டோம் என்று எழுதி, கீழே அக்செஷன் நம்பர், அதாவது லைப்ரரி ரெஜிஸ்டரில் அந்தப் புத்தகத்தின் எண், போட்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கடிதம்.

“எங்கப்பா குடுத்தது மேடம். ரிட்டயர் ஆயி மலையிலேந்து எறங்கினப்ப நேரா இங்க கொண்டாந்து குடுத்தாரு. வீடு ஒழுகும், இங்கன்னா பத்திரமா இருக்கும்னு. போன வருஷம் தவறிட்டாரு. ஒருக்கா பாக்கணும், அவ்வளவுதான்.”

ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். நம்பர் இருந்தது. அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘வித்ட்ரான்’, அதாவது கழிக்கப்பட்டது என்று எழுதி ஒரு இனிஷியல். இனிஷியல் என்னுடையது. நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, ரெண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, கடிதத்தை மறுபடி கவருக்குள் போட்டு, மழைக்குள் இறங்கிப் போனார்.

2. தமிழ் ரேக்

அந்த நாலு மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் மேஜைகள் போட இடம் வேண்டும் என்று எங்கள் செக்ரட்டரி கீழ்த்தளத்தைச் சுற்றிப் பார்த்தார். தமிழ் ரேக்குகளுக்கு முன் நின்றார். “இவிடெ தமிழ் வாயிக்கான் ஆரு வருந்நு?” என்றார். தமிழ் படிக்க இங்கே யார் வருகிறார்கள் என்று கேட்கிறார். இஷ்யூ ரெஜிஸ்டரைப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. மொத்த லைப்ரரியிலும் வீட்டில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அப்பா வழியில் நாகர்கோவில்காரர்கள் நாங்கள். அதனால் வீடிங் வேலை, அதாவது எதை வைப்பது எதைக் கழிப்பது என்று பிரிக்கும் வேலை, எனக்கு வந்தது.

மூன்று நாளில் முடித்தேன். புத்தக முதுகில் பேர் இருந்தால் பேரைப் பார்த்து முடிவு செய்தேன். பேர் இல்லாத ஒன்றை ‘பலவகை, நோட்டுப்புத்தகம்’ என்று லிஸ்டில் எழுதி முத்திரை குத்தியது நினைவிருந்தது. பச்சைத் துணி பைண்டிங். உள்ளே என்ன இருந்தது என்பது நினைவில் இல்லை. நான் திறக்கவில்லை.

ஒரு வியாபாரி ஆட்டோ வைத்து மொத்தத்தையும் எடுத்துப் போனார். அவருக்கு போன் செய்தபோது, எந்தக் கட்டு எந்தக் கடைக்குப் போனது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும், பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள் என்றார்.

3. சனிக்கிழமைகள்

இருபத்தாறு வருடம் புத்தகங்களோடு வேலை பார்த்தவள் நான். ஆனால் பழைய புத்தகக் கடை ஒன்றுக்குள்ளும் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. லைப்ரரியில் காணாமல் போகும் புத்தகம் அங்கேதான் போய்ச் சேரும் என்று எங்கள் தொழிலில் ஒரு எண்ணம் உண்டு. அந்தக் கடைக்காரர்களை நாங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

முதல் சனிக்கிழமை பாளையத்தில் ஆரம்பித்தேன். அங்கே கைடுகளும் என்ட்ரன்ஸ் புத்தகங்களும்தான். அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால் சாக்கு சாக்காகப் புத்தகம். கடைசியில் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்து மரப்படி ஏறி, பாஸ்கரன் என்பவரின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கமும் கூரைவரை புத்தகம். நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். கூரையில் ரெண்டு கண்ணாடி ஓடு. அது வழியாக இறங்கும் வெளிச்சம், மேலே மேகம் நகர நகர, ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப்பேர் கூவுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. பாஸ்கரன் வாசித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “சேச்சி நோக்கிக்கோ. அவசரம் வேண்டா” என்றார்.

எந்த ஒழுங்கும் இல்லை. தச்சு வேலைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வானியல், அதற்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பு. கேட்டலாக் போட்டே பழகின எனக்கு முதலில் தலை சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுற்றல் நின்று ஒருவித மயக்கம் வந்தது. ஒரு சமையல் புத்தகத்துக்குள் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்ற லிஸ்ட் இருந்தது. ஒரே ஒரு பேர் மட்டும் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடிக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் மடித்த காகிதத்துக்குள் ஒரு பால்பல். யார் வீட்டுக் குழந்தையோ. கடைக்குள் போகும்போது பத்து மணி. வெளியே வந்து பார்த்தால் மூன்று. நான் எதைத் தேடி வந்தேன் என்பதையே நடுவில் மறந்திருந்தேன்.

என் முத்திரையையும் அங்கே பார்த்தேன். நான் கழித்த புத்தகங்கள் நாலைந்து, வயலட் மையில் ‘வித்ட்ரான்’ என்று குத்தியபடி. அதில் ஒன்றை ஒரு ஆட்டோக்காரர் நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் ரேக்கில் பதினோரு வருடம் ஒருத்தரும் தொடாத புத்தகம் அது.

4. சொன்னேன்

இரண்டு வாரம் கழித்து செல்வராணி வந்தார். அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பைண்டிங்குக்குப் போனது பொய். திறந்துகூடப் பார்க்காமல் நான்தான் கழித்தேன். இப்போது எங்கே என்று தெரியவில்லை. செக்ரட்டரியிடம் புகார் கொடுப்பதானால் நானே எழுதித் தருகிறேன்.

அவர் ரேக் இருந்த இடத்தில் இப்போது இருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

“புகார் குடுத்து என்ன மேடம். அது கெடச்சாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது.”

எனக்குப் புரியவில்லை.

“நான் படிச்சது முழுக்க மலையாளம். தமிழ் பேசுவேன், எழுத்து தெரியாது. சின்னதுல அப்பா சொல்லித்தர வந்தாரு. ஸ்கூல்ல தமிழ்னா பாண்டின்னு கேலி பண்றாங்க, இந்த எழுத்து எனக்கு வேணாம்னு ஸ்லேட்டத் தள்ளி விட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஒருநாளும் கேக்கல. அது அவருக்கு எப்டி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாமலே போச்சு. அந்த புக்குல எங்கயாவது எழுதிருப்பாரோன்னு ஒரு நெனப்பு. யாராவது வாசிச்சுச் சொன்னா கேக்கலாமேன்னுதான் வந்தேன்.”

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, டியூட்டி இல்லாத நாட்களில் அவரும் என்னோடு வந்தார். நான் எழுத்துகளைப் பார்ப்பேன், அவர் நிறத்தைப் பார்ப்பார். அந்தப் பச்சைத் துணி டிஸ்பென்சரித் திரையின் துணி, எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும் என்றார். மழைக்காலம் முழுவதும் அப்படியே போனது. கரமனையில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடக்கும் கடை, ஸ்ரீவராகத்தில் முன்னறையில் மட்டும் புத்தகம் விற்கும் ஒரு வீடு, மியூசியம் பக்கத்து நடைபாதையில் தார்ப்பாய்க்குக் கீழே விரித்த கடை. ஈரக் காகித வாசனை என் சேலையிலேயே தங்கிவிட்டது. சில கடைகளில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் தரையில் உட்கார்ந்து, பேச்சே இல்லாமல் மணிக்கணக்காக இருந்திருக்கிறோம். அவர் மலையாள நாவல்களைப் புரட்டுவார். நான் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பேன். வேலைக்காக இல்லாமல், எனக்காக நான் வாசித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போதே, இது ஒரு குற்றத்தின் பேரில் கிடைத்த சந்தோஷம் என்ற நினைப்பும் வரும். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து தேடுவேன்.

5. பாஸ்கரன் போன் செய்தார்

செப்டம்பரில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், பாஸ்கரன் போன் செய்தார். “சேச்சி அன்னைக்குச் சொன்னது பச்சத் துணி அல்லே? அது ஒரு சாரு கொண்டுபோயி. ஞாயித்துக்கிழம ராவிலே இவிடெ வரும்.” அதை ஒருவர் வாங்கிப் போய்விட்டார், ஞாயிறு காலையில் அந்த ஆள் கடைக்கு வருவார் என்கிறார்.

நானும் செல்வராணியும் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். விஜயன் சார் என்பவர் படியேறி வந்தார். எழுபது வயது இருக்கும். ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தோளில் துணிப்பை. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் பையிலிருந்து அதை எடுத்து பெஞ்சில் வைத்தார். செல்வராணி அட்டையைத் தடவினார், திறக்கவில்லை.

விஜயன் சார் நாகர்கோவில், திருநெல்வேலி லைனில் வேலை பார்த்தவர். ஸ்டேஷன் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே தமிழ் எழுத்துகளைக் கூட்டக் கற்றுக்கொண்டவர். ரிட்டயர் ஆனபின் கையெழுத்தும் வாசித்துப் பழகலாம் என்று இதை வாங்கியிருக்கிறார். “எனக்கு எழுத்து தெரியும் கேட்டோ. அர்த்தம்தான் பாதி கிட்டாது” என்றார். பக்கங்களில் பென்சிலால் மெல்லிசாக மலையாளத்தில் குறிப்பு எழுதியிருந்தார். தெரியாத வார்த்தைகளுக்கு மேல் கேள்விக்குறி.

அவரையே வாசிக்கச் சொன்னார் செல்வராணி. என்னை அவர் கேட்கவில்லை. அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி விஜயன் சார் வாசித்தார். இன்று மதியம்வரை மூடுபனி விலகவில்லை. மேல் லயத்து வீடொன்றில் ஒரு பெண்குழந்தை பிறந்தது, தாயும் சேயும் சுகம், குழந்தை அழாமல் எல்லோரையும் பார்த்தது. இன்று காட்டுமாடு ஒன்று டிஸ்பென்சரி வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனது, மருந்து எதுவும் கேட்கவில்லை. இப்படியே பக்கம் பக்கமாக. ஒரு இடத்தில் நிறுத்தி, கவ்வாத்து முடிந்து வந்தவர்களில் நாலு பேருக்குக் கையில் வெட்டு என்று எழுதியிருக்கிறது, கவ்வாத்து என்பது என்ன திருவிழா என்று கேட்டார். செல்வராணி சிரித்துவிட்டார். தேயிலைச் செடியின் தலையை வெட்டி விடுவதற்குத்தான் அந்தப் பேர். விஜயன் சார் பென்சில் எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, ராணி என்பது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் செல்வராணி. விஜயன் சார் பின்பக்கமாகப் புரட்டி ஒரு இடத்தை எடுத்தார். ஏற்கெனவே வாசித்திருக்கிறார் என்பது அவர் எடுத்த வேகத்திலேயே தெரிந்தது. இந்தத் தடவை தடுமாறாமல் வாசித்தார்.

“ராணிக்கு இன்று அகரம் எழுதிக் காட்டினேன். வேண்டாம் என்றாள். பள்ளியில் கேலி செய்கிறார்களாம். சரி என்று விட்டேன். விளக்கு வைத்த பிறகு பள்ளியில் படித்த மலையாளப் பாட்டைப் பாடினாள். பாதி எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை பாடச் சொன்னேன். பாடினாள்.”

அவ்வளவுதான் எழுதியிருந்தது. செல்வராணி தலையைக் குனிந்துகொண்டார். “பாடினது எனக்கு மறந்தே போச்சு” என்றார். “தள்ளிவிட்டது மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு.”

பாஸ்கரன் கீழே போய் நாலு டீ சொல்லிவிட்டு வந்தார்.  மேலே கண்ணாடி ஓட்டில் வெயில் தெளிந்து கடை முழுவதும் தூசி பொன்னாக மிதந்தது.

6. மீதி

விஜயன் சார் புத்தகத்தைச் செல்வராணியிடமே நீட்டினார். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதை முறைப்படி மறுபடி லைப்ரரியில் சேர்த்துவிடலாம், புது நம்பர் போட்டு கண்ணாடி அலமாரியில் வைக்க நான் பொறுப்பு என்றேன். நான் செய்த தவறைத் திருத்த எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

செல்வராணி கோபமில்லாமல்தான் பதில் சொன்னார். “வேணாம் மேடம். அங்க அத்தன வருஷம் இருந்து ஒருத்தரும் தொறக்கல. இங்க சார் தொறந்து வாசிச்சிருக்காரு அல்லே.”



அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் பாஸ்கரனின் கடையில் உட்கார்ந்து அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்கள். விஜயன் சாருக்கு எழுத்து தெரியும், செல்வராணிக்கு வார்த்தை தெரியும். முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பாதி நாட்கள் நானும் அங்கேதான் இருந்தேன், என் மூலையில், என் புத்தகத்தோடு.

நடந்ததை செக்ரட்டரிக்கு எழுதிக் கொடுத்தேன். இனிமேல் கவனமாக இருக்கும்படி ஒரு மெமோ வந்தது. நான் ரிட்டயர் ஆகும்வரை அதை என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன்.

இப்போது லைப்ரரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வீடிங் பற்றி என்னிடம் கேட்டால் சர்க்குலேஷன் கணக்கு, எடிஷன், பூச்சி அரித்தது என்று பாடப்புத்தகத்தில் உள்ளதையெல்லாம் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன். கழிக்கப் போகும் நாளில் ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். நான் அந்த மூன்று நாளும் நின்றுகொண்டே செய்தேன். உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கமாவது திறந்திருப்பேன்.