காசோடு முடிந்து வைத்த பென் டிரைவ்

திண்டிவனத்தில் எங்கள் போட்டோ கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எட்டாவதோடு நின்றவள் நான். எதைத் தொட்டாலும் கெட்டுவிடும் என்றே தோன்றும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றி மறந்துபோனாலும் திறப்பதற்கென்று ஒரு பென் டிரைவ் செய்து வைக்கலாம் என்று வீடியோவில் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் செய்தேன். கடை ஓட வேண்டும் என்று மேல்மலையனூர் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தபோது அதையும் உள்ளே வைத்து முடிந்து, கடையில் சாமி படத்தடியில் வைத்துவிட்டேன். அந்த இடத்தை யார் கலைப்பார்கள்?

"மழ வர்றதுக்கு மின்னாடியே கொட புடிக்கிறவ இவ" என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

போன ஆயுத பூஜைக்கு அவர் நல்ல நேரம் பார்த்துப் புதுப் பாஸ்வேர்டு வைத்தார். பொட்டு வைத்து மெஷினை அணைத்தார். பூஜை முடிந்து மறுநாள் போட்டால், என்ன வைத்தோம் என்பதே நினைவில்லை. கம்ப்யூட்டரில் இருந்தது அந்த ஒரே கணக்குதான்; வேறு பெயரில் உள்ளே போகவும் வழியில்லை.

மரக்காணத்திலிருந்து படகுக்காரர் ஒருவர் வந்து கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். விடிந்தால் அவர் அம்மாவுக்குக் காரியம். யாரோ வீட்டுக் கல்யாணப் படத்தில் ஓரமாக நின்ற அந்தம்மாவைத் தனியே பிரித்து, முகம் துலக்கிப் பெரிதாக்கியிருந்தோம். எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

விழுப்புரத்து மெக்கானிக் போனில், "மெஷின எடுத்துக்கினு வாங்க. உள்ள இருக்கறது தங்குமான்னு பாத்துதான் சொல்லணும்" என்றார்.

நான் மஞ்சள் முடிச்சை எடுத்தேன்.

"ஏம்மே, வேண்டுதல் முடிச்சு அது. கோயிலுக்குப் போகாம அவுக்கலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"கடைக்குத்தான முடிஞ்சேன்? கடையே பூட்டிக்கினு கெடக்குது. மலையனூரு அம்மா கோச்சிக்க மாட்டா."

கற்பூரம் காட்டிவிட்டு அவிழ்த்தேன். தப்பான பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டதும், மாற்றிக்கொள்ளலாம் என்று திரையில் வந்தது. பென் டிரைவைச் செருகிப் புதுசு வைத்தேன். திறந்தது. அந்தம்மாவின் முகம் இருந்தது.

பிரேம் போட்ட படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார் படகுக்காரர். "இதே சிரிப்புதாங்க" என்றார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "எப்பிடி அண்ணே தெறந்தீங்க?"

"நான் எங்க தெறந்தேன்? பூட்டுனதுதான் நான். தெறந்தது எங்க வீட்டம்மா."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தவறவிடாமல் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த அமாவாசையில் மேல்மலையனூர் போய்க் காசைச் செலுத்தினோம். கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்ததும், பென் டிரைவை மறுபடி முடிந்து வைக்கப் புது மஞ்சள் துணி ஒன்றை வீட்டுக்காரரே வாங்கி என்னிடம் நீட்டினார்.