பத்து மணிக் கையெழுத்து

புருஷன் தங்கப்பழம் ஜாமீனில் வந்த பிறகும் சங்கரம்மாள் போலீஸ் ஸ்டேஷன் வாசல்படியை மிதித்ததில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம், சுலைமான் டீக்கடை ஓரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பாள். தங்கப்பழம் ரோட்டைக் கடந்து உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். மேலநீலிதநல்லூருக்குக் கிழக்கே கரிசல்காட்டில் பிறந்து, அதே காட்டில் வாழ்க்கைப்பட்டு, பருத்தி எடுத்தும் உளுந்து பிடுங்கியும் கை காய்த்துப்போனவள். தன் இரண்டு வழியிலும் போலீஸ் படியேறியவர்கள் கிடையாது என்பதுதான் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே சொத்து. அதையும் தங்கப்பழம் ஒரு மத்தியானத்தில் எரித்துவிட்டார்.

ஆடுகளோடு காடு காடாகத் திரிந்த அமைதியான மனிதர் அவர். காதில் பேச்சுக் கேட்கிறது என்று அவர் முதலில் சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரரின் சோளத்தட்டைப் படப்புக்குள் ஆட்கள் ஒளிந்திருந்து தன்னைப் பிடித்துக்கொண்டு போகப் பேசுகிறார்கள் என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எங்கும் கூட்டிப்போகவில்லை. படப்புக்குத் தீ வைத்தார். பின்னால் கட்டியிருந்த சினைப்பசு கயிற்றை அறுக்க முடியாமல் கருகிச் செத்தது. அதன் கதறலைக் கேட்ட ஊர் பிறகு தங்கப்பழத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜெயிலில் டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். பேச்சு அடங்கியது. ஜாமீனில் வரும்போது மாத்திரைச் சீட்டும் கூடவே வந்தது. சங்கரம்மாள் அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். பைத்தியக்கார மாத்திரை தின்கிறவன் என்ற பெயர் வேறு எதற்கு என்று நினைத்தாள். தினமும் காலை பத்து மணிக்குச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கோர்ட்டு நிபந்தனை. தவறினால் மறுபடி ஜெயில். அதை மட்டும் அவள் சாமி காரியம் மாதிரிப் பார்த்துக்கொண்டாள்.

ஜெயசித்ரா அந்தச் சமயத்தில்தான் சங்கரன்கோவிலுக்கு வந்தாள். வாசுதேவநல்லூர்ப் பெண். சமூகப் பணி படித்தவள். ஜாமீனில் வந்தவர்களுக்கும் ஜெயிலிலிருந்து திரும்பியவர்களுக்கும் மனசுக்கு வைத்தியம் பார்க்க ஒரு சின்ன அறக்கட்டளை அவளை அனுப்பியிருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் அறை எடுத்து, ‘மனநல மையம்’ என்று ரோட்டில் போகிறவர் எல்லாம் வாசிக்கும்படி போர்டு மாட்டினார்கள். வாரம் ஒருமுறை டாக்டர் வந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனார். சுற்றுப்பட்டுச் சனம் முழுவதும் இறங்கி ஏறுகிற இடத்தில், சொந்தக்காரன் கண்ணில் படாமல் அந்தப் படியில் யார் ஏறுவார்கள்? சங்கரம்மாளே இரண்டு தடவை அந்தப் போர்டைத் தாண்டிப் போனாள், இரண்டு தடவையும் குனிந்த தலை நிமிராமல்.

இந்த ஆட்கள் வேறெங்கும் வரமாட்டார்கள், ஆனால் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வராமல் இருக்கமாட்டார்கள் என்பது ஜெயசித்ராவுக்குப் புரியச் சில வாரங்கள் பிடித்தன. புரிந்ததும் மாத்திரைப் பையையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு சுலைமான் கடைப் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். போர்டு இல்லை. டாக்டர் வந்தால் பால் கேன் அடுக்கியிருக்கும் பின்னறையில் உட்கார்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறவனை சுலைமான் கூப்பிடுவார்.

“அங்கன ஒண்ணு போட்டாச்சா? இங்கன ரெண்டாம் கையெழுத்தையும் போட்டுட்டு டீயக் குடி வே.”

ரெண்டாம் கையெழுத்து என்றது மாத்திரையை. அது அங்கேயே, சுலைமான் கண்முன்னால் தொண்டைக்குள் இறங்க வேண்டும். அப்புறம்தான் டீ. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் டீக்கடைக் கூட்டம். தங்கப்பழமும் அதில் ஒருவரானார். சங்கரம்மாள் மறுக்கவில்லை. பானைக்குள் கிடந்த சீட்டை அவளே எடுத்துவந்து கொடுத்தாள். ஜெயசித்ரா வாராவாரம் ஆட்களை எண்ணிச் சந்தோஷப்பட்டாள்.

தங்கப்பழம் உறங்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஆடுகளோடு போனார். மகள் தேன்மொழியைப் பழையபடி கேலி செய்தார். இருந்ததே ஒரு வெள்ளைச் சட்டை. அதைத் துவைத்துத் துவைத்து தினமும் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். “ஆபீசர் கெளம்பியாச்சு, மணி ஒம்பதாச்சு” என்று ஊரில் ஒருத்தன் சொல்வான், இன்னொருத்தன் எழுந்து நின்று சலாம் வைப்பான். அவர் சிரிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற சங்கரம்மாளுக்குத்தான் சோறு இறங்காது.

தேன்மொழிக்கு ராயகிரியிலிருந்து நல்ல இடம் கூடி வந்தது. வந்தவர்கள், பெண்ணின் அப்பா தினமும் வெள்ளைச் சட்டையில் எங்கே போகிறார் என்று கேட்டார்கள். சங்கரம்மாள் பூக்கடையில் கணக்குப் பார்க்கப் போகிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே வக்கீலைப் பார்த்தாள். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம், ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டவருக்குக் கிடைக்கும் என்றார் வக்கீல்.

தங்கப்பழம்தான் வேண்டாமென்றார்.

“ஏட்டி, அது இருந்துட்டுப் போட்டும். கையெழுத்துப் போட்டாத்தான் மாத்திர வேல செய்யி. போட்ட அன்னைக்கு அவனுவ பேச மாட்டேங்கானுவ.”

விவரம் தெரியாத பேச்சு என்று அவள் தள்ளிவிட்டாள். ஜெயசித்ராவும் தயங்கினாள். கையெழுத்து நின்றால் இவரை எங்கே தேடிப் பிடிப்பது, கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்றாள். சங்கரம்மாளுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“ஒங்களுக்கு ஆள் சேரணும்னு எம் புருசன் ஆயுசு பூரா போலீஸ் வாசல்ல நிக்கணுமா மேடம்?”

ஜெயசித்ரா ரோட்டுக்கு எதிரே ஸ்டேஷன் படியைப் பார்த்தாள். அவள் தொடங்கிய காரியம் அந்த வாசலை நம்பித்தான் நின்றது.

மனு அனுமதியானது. சங்கரம்மாள் கோமதியம்மனுக்கு விளக்குப் போட்டு, புற்றுமண் வாங்கிவந்து அவர் நெற்றியில் பூசினாள். இனிமேல் வீட்டிலேயே மாத்திரை. காலையில் தண்ணீரோடு நீட்டுவாள், அவர் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஜெயசித்ரா ஒருநாள் ஸ்கூட்டரில் வீடு தேடி வந்தபோது, வாசலில் வைத்தே, கல்யாணம் முடியட்டும் மேடம், அதுக்கப்புறம் வாங்க, இப்பப் பாத்தா நாலு பேரு கேப்பாவ என்று திருப்பி அனுப்பினாள். பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருகிற நாளில் அவரை மட்டும் அனுப்பினாள். வரிசையில் சொந்தக்காரன் ஒருவன் “என்ன மாமா, இங்கன?” என்று கேட்டதும் அவர் எழுந்து வந்துவிட்டார்.

ஒருநாள் அவர் பாயை உதறியபோது மாத்திரைகள் விழுந்தன. எச்சிலில் கரைந்து காய்ந்த மாத்திரைகள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். கையெழுத்துப் போடாமல் தின்றால் அது விஷம் என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. அவருடைய கண் மறுபடியும் படப்பைப் பார்த்த கண்ணாக மாறியிருந்தது. சங்கரம்மாள் அன்றைக்கே ஜெயசித்ராவுக்குப் போன் செய்திருக்கலாம். தேன்மொழியின் நிச்சயதார்த்தம் அந்த வாரம். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகட்டும் என்று போனைக் கீழே வைத்தாள்.

விடியலில் எழுந்தபோது பாயில் அவர் இல்லை. கொடியில் வெள்ளைச் சட்டையும் இல்லை. பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தாரோ, பிடிக்க வருகிறார்கள் என்று ஓடினாரோ, பஸ்ஸுக்குக் காத்திராமல் டவுன் ரோட்டில் நடந்திருக்கிறார். ரோட்டின் நடுவிலேயே நடந்தார் என்று லாரிக்காரன் அழுதுகொண்டே சொன்னான். டவுன் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் பாக்கி.

உடலைப் பெற்றுக்கொள்ளச் சங்கரம்மாள் ஸ்டேஷனுக்குள் வர வேண்டியிருந்தது. ஜெயசித்ரா கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏட்டு பேப்பரை நகர்த்தி, இங்கன போடுங்கம்மா என்று மெதுவாகச் சொன்னார். சங்கரம்மாளுக்கு எழுதத் தெரியும். ஒன்பதாவது வரை படித்தவள். பெயரை முழுதாக எழுதினாள். இத்தனை மாதம் அவர் நின்ற மேசை இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றார் ஏட்டு.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுலைமான் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தார். ஜெயசித்ரா மடியில் மாத்திரைப் பையைக் கட்டிப்பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வரை ஆட்களை எண்ணிய பெண் அன்றைக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டேஷன் படியிலிருந்து ஒரு ஆள் இறங்கி ரோட்டைக் கடந்து வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். துக்கத்தைப் பார்த்து, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல், பெஞ்சுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

சங்கரம்மாள்தான் அவரை முதலில் கவனித்தாள்.

“குடுங்க மேடம்” என்றாள். “அவரு நிக்காருல்லா.”