மூன்று எண்ணிக்கை குறைந்த பாட்டு

பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டும்போதுதான் டோலக்கை வெள்ளவத்தை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. போய் எடுக்கவில்லை. போனால் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டும். காலி வீதியில் கோட்டைப் பக்கம் பார்த்து நடந்துகொண்டே இருந்தேன். பஸ்கள் போயின. கோபத்தில் இருக்கிறவனால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க முடியாது.

அதற்கு முன்பும் பல இடங்களை விட்டு நடந்தவன்தான் நான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். பேலியகொடையில் மீன் கூடை தூக்கினேன். நுகேகொடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். எதை விட்டு வந்ததற்கும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு மட்டும், திரும்பிப் போவதற்காகவே நடந்தேன். என்னிடம் படிப்பு இல்லை, காது ஒன்றுதான் இருந்தது. அந்தக் காதைத்தான் முப்பது பேர் முன்னால் பொய் என்று சொல்லியிருந்தார்கள்.

படம் கேட்கிற வேலை

இன்று மேடையில் வாசிக்கிற தம்பிமாருக்கு இது விளங்காது, ஆகவே சொல்கிறேன். அப்போது இசைத்தட்டு மூன்று நிமிஷத்துக்குமேல் ஓடாது. படத்தில் நடனத்துக்கு வருகிற நீளமான இடையிசை தட்டில் இருக்காது. அதை மேடையில் வாசிக்கிற குழுவுக்குத்தான் கொழும்பில் மதிப்பு. எனவே ஒவ்வொரு குழுவிலும் படம் பார்க்க அல்ல, கேட்கவென்று இரண்டு பேர் போவார்கள்.

எங்கள் குழுவில் அன்ரனியும் நானும். அன்ரனி கொட்டாஞ்சேனைக்காரன், மாதா கோயிலில் வயலின் வாசிக்கிறவன், கேட்ட இசையை நொட்டேஷனாகக் குறித்து எழுதுவான். எனக்கு எழுதத் தெரியாது. நான் கலரியில், மலிவு டிக்கெட் பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்பேன். வெளியே வந்து, தெருவோரம் நின்று வாயால் சொல்வேன். அவன் கொப்பியில் எழுதுவான். பிறகு இருவரும் மறுபடி உள்ளே போய்ச் சரி பார்ப்போம்.

எங்களுக்குப் பெரிய ஆட்கள் என்றால் சென்னையில் படங்களுக்கு இசை போட்ட இரட்டையர் சோமு–வெங்கய்யா. சோமு தமிழர், வெங்கய்யா தெலுங்கர். எந்த மெட்டை யார் போட்டது என்று இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் இரண்டு பேரும் "நாங்கள்" என்பார்களாம். ஒரே மெட்டைத் தமிழுக்கும் தெலுங்குக்கும் பதிவு செய்வார்கள். தெலுங்குத் தட்டு ஒன்று கைக்கு வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்போம். தெலுங்கில் வரி முடிகிற இடம் நீளும், தமிழில் சட்டென்று மூடும். அதற்காக டோலக்கைத் தாளத்தில் அரை எண்ணிக்கை தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு சொல்லுக்காகத் தாளத்தை இப்படி வளைக்கிறவர்கள் எதைச் செய்தாலும் காரணம் இருக்கும் என்று நாங்கள் நம்பினோம். பிழை அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்களுடைய ஒரு நடனப் பாட்டு. இடையிசை எட்டு எண்ணிக்கையில் நான்கு சுற்று. மூன்றாவது சுற்றில் ஐந்தாவது எண்ணிக்கையோடு எல்லாம் அறுந்து புல்லாங்குழல் பாய்ந்துவிடும். திரையில் ஆடுகிற பெண்ணும் வலது காலிலிருந்து இடது காலுக்குத் தாவுவது போலிருக்கும். கலரி முழுவதும் அந்த இடத்தில் விசில் அடிக்கும்.

"அடேய், எட்டை அஞ்சில வெட்டிப் போட்டு ஓடுறாங்கள்! என்ன மூளையடா!" என்றான் அன்ரனி.

அதைப் பிடிக்க இன்னும் நான்கு காட்சி பார்த்தோம். கொட்டாஞ்சேனைத் திருவிழாவில் வாசித்தபோது சனம் அதே இடத்தில் விசிலடித்தது. இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் எல்லாக் குழுவும் அந்தத் தாவலை வாசித்தன. எங்களிடமிருந்துதான் எடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

"எங்களுக்கே சொல்லித் தர்றியா?"

அடுத்த வருஷம் இரட்டையரே கொழும்புக்குக் கச்சேரிக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து பதினொரு பேர். மிச்சம் இருபது பேரை இங்கே தெரிந்தெடுத்தார்கள். அன்ரனிக்கு வயலின், எனக்கு டோலக். அதற்குமேல் ஒரு இடம் எங்களுக்கு இந்தத் தீவில் இல்லை.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மாலை. சனி காலை வெள்ளவத்தையில் ரிகர்சல். அவர்கள் கொண்டுவந்த நொட்டேஷனை எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் அதை மடித்து டோலக்கின் கீழே வைத்தேன்.

அந்த நடனப் பாட்டில் மூன்றாவது சுற்று வந்தது. ஐந்தில் நான் தாவினேன். மற்ற முப்பது பேரும் எட்டுவரை போனார்கள்.

வெங்கய்யா குட்டையான மனிதர், கோபம் மட்டும் உயரம். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யாரய்யா அது? மறுபடியும்."

மறுபடியும் தாவினேன். கை தானாகப் போனது.

"மறுபடியும்!"

மூன்றாம் தடவையும் அதுவே நடந்தது. அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"எட்டு எண்ணத் தெரியாதாய்யா உனக்கு?"

"தெரியுங்க. படத்துல அஞ்சுல தாவுதுங்க."

"எந்தப் படத்துல?"

"ஒங்க படத்துலதாங்க."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நாங்க போட்ட பாட்ட எங்களுக்கே சொல்லித் தர்றியா?"

சோமுவைப் பார்த்தேன். நெட்டையான மனிதர், ஹார்மோனியத்தின் பின்னால் பேசாமல் இருந்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் மாற்றிப் பேசுவதில்லை என்பது அவர்கள் வைத்திருந்த விதி என்று பிறகு தெரிந்தது. அன்ரனியைப் பார்த்தேன். அந்தத் தாவலைத் தன் கையால் கொப்பியில் எழுதியவன். அவன் கண் நொட்டேஷனிலேயே இருந்தது. சென்னைத் தபேலாக்காரர் டோலக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். எழுந்து வெளியே வந்தேன்.

ஆணியில் தொங்கிய துண்டு

காலிமுகத்திடலில் காற்று சட்டையை இழுத்தது. புறக்கோட்டையைக் கடக்கும்போது பசித்தது. ஒரே ஒரு கேள்விதான் மனதில் இருந்தது: முப்பது பேரும் சரி, நானும் சரி என்றால், பிழை எங்கே?

இரட்டையர் வருவதால் கொட்டாஞ்சேனைக் கொட்டகையில் அந்தப் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள், இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க அங்கே போனேன். படம் ஓட்டுகிற ஒப்பரேட்டர் பியசேன எனக்குப் பழக்கம். சிங்களவரான அவருக்கு நான் மல்லி, அதாவது தம்பி; எனக்கு அவர் அய்யே, அண்ணன். இரண்டரை மணிக் காட்சிக்கு ரீல்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மொகத மல்லி, என்ன ஆச்சு? மூஞ்சி சரியில்லையே."

நடந்ததைச் சொன்னேன். அவர் கை நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பாட்டா? என் பேரு சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன் அய்யே."

பாட்டு இருந்த ரீலை மேசையில் ஏற்றி மெதுவாகச் சுற்றினார். ஒரு இடத்தில் நிறுத்தி, என் விரலைப் பிடித்து பிலிமின்மேல் வைத்தார். தடிப்பாக ஒரு ஒட்டு.

"முதல் நாளே மெஷின்ல மாட்டிக் கிழிஞ்சது. கிழிஞ்சத வெட்டி ஒட்டினேன். கொம்பனிக்குத் தெரிஞ்சா என் வேலை போகும். அப்புறம் இந்தப் பிரிண்ட்தான் யாழ்ப்பாணம் போனது, ஹட்டன் போனது. இலங்கை முழுக்க ஒரே பிரிண்ட்தானே, மல்லி."

அந்த மூளை, நாங்கள் வியந்த அந்த மூளை, பியசேனவின் பிளேடு.

"வெட்டின துண்டு?"

அவர் வெட்கத்தோடு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு ஆணியில், அந்தப் பாட்டுக்கு ஆடிய நடிகையின் படத்துக்குப் பக்கத்தில், ஓரம் கிழிந்த பிலிம் துண்டொன்று தொங்கியது.

"அவங்க ஆடுற துண்டு. எறிய மனசு வரல்ல."

"செக்கனுக்கு எத்தனை படம் ஓடும் அய்யே?"

"இருபத்து நாலு."

அந்தப் பாட்டு செக்கனுக்கு இரண்டு எண்ணிக்கை. தாளம் தட்டுகிற கருவியான அன்ரனியின் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு நூற்று இருபதில் வைத்துத்தான் பழகினோம். அப்படியென்றால் ஒரு எண்ணிக்கைக்குப் பன்னிரண்டு படம். துண்டைச் சன்னலுக்கு நேரே பிடித்து நகத்தால் எண்ணினேன். முப்பத்தாறு. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தாறு. மூன்று எண்ணிக்கை.

"திருப்பிக் கொண்டு வா, ஆ!" என்று பியசேன படியில் நின்று கத்தினார். நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

வேப்பமரத்தடியில்

மண்டபத்துப் படியில் அன்ரனி உட்கார்ந்திருந்தான். மடியில் என் டோலக்.

"வாடாப்பா. உன்ர சாமானைக் காவல் காக்கிறன். வேற வேலை இல்லை."

"ஏன், ரிகர்சல் முடிஞ்சிருச்சா?"

"எனக்கு முடிஞ்சுது. தேத்தண்ணிக்கு விட்டவுடன கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினனான். நானும் அப்பிடித்தான் கேட்டனான் சேர் எண்டன். ரெண்டும் செவிடா எண்டு கேட்டார். வயலினைப் பெட்டிக்குள்ள வச்சிட்டு வந்திட்டன்."

"காலையில சொல்லியிருக்கலாமே."

"பேப்பரைக் கண்டால் எனக்கு வாய் வராது. தெரியும்தானே."

எனக்குக் கோபம் வரவில்லை. பிந்தியாவது எழுந்தவன் அவன் ஒருவன்தான்.

இரட்டையர் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். நேரே போய் வெங்கய்யாவிடம் துண்டை நீட்டினேன்.

"இந்தாங்க. ஒங்க மூணு எண்ணிக்கை இதுக்குள்ள இருக்கு."

கணக்கைச் சொன்னேன். செக்கனுக்கு இருபத்து நாலு, எண்ணிக்கைக்குப் பன்னிரண்டு, மொத்தம் முப்பத்தாறு. அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் தானும் எண்ணினார். உதடு அசைந்தது. எண்ணி முடித்துச் சோமுவிடம் கொடுத்தார். சோமுவும் எண்ணினார்.

"யார் வெட்டினது?" என்றார் வெங்கய்யா.

"தெரியாதுங்க."

"தெரியும். சொல்ல மாட்டே."

"ஆமாங்க."

சோமு முதல் தடவையாகப் பேசினார். "தம்பி, இந்த ஊர்ல யாராவது இந்தப் பாட்ட முழுசா கேட்டிருக்காங்களா?"

"இல்லீங்க. எல்லாரும் கேட்டது வெட்டினதத்தான்."

"அந்த எடத்துல ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"விசிலடிப்பாங்க."

"நாளைக்கு நாங்க எட்டு வரைக்கும் போனா?"

அன்ரனி பின்னாலிருந்து சொன்னான்: "பிழையா வாசிக்கிறாங்கள் எண்டு சொல்லுவாங்கள், சேர்."

சோமு வாய்விட்டுச் சிரித்தார். வெங்கய்யாவின் தோளைப் பிடித்து மதில் பக்கம் கூட்டிப் போனார். தெலுங்கில் பேசினார்கள். வெங்கய்யாவின் கை எட்டு எண்ணியது, பிறகு ஐந்து எண்ணியது, ஐந்தில் ஒரு தடவை நின்றது. திரும்பி வந்தபோது பேசியவர் வெங்கய்யாதான்.

"நாங்க யோசிச்சோம். காசு கொடுத்து வர்றவன் அவனுக்குத் தெரிஞ்ச பாட்டக் கேக்கத்தான் வர்றான். அஞ்சுலயே தாவுவோம். எங்க ஆளுங்களுக்கு அது வராது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வா."

"டோலக் வாசிக்கவாங்க?"

"டோலக்குக்கு ஆள் இருக்கு. நீ முன்னால நின்னு கை காட்டு." பிறகு அன்ரனியைப் பார்த்து, "நீ போய்ப் பெட்டியத் தொற" என்றார்.

துண்டை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பியசேன அதைப் பல வருஷம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை

நான் கற்றதைச் சொல்கிறேன். காது கேட்டதைக் கேட்டது என்றே சொல்லுங்கள், யார் சிரித்தாலும். ஆனால் அது ஏன் அப்படிக் கேட்டது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். சனி காலையில் என்னிடம் முதல் பாதி மட்டும் இருந்தது. இரண்டாவது பாதிக்குத்தான் கொட்டாஞ்சேனைவரை நடக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு எட்டு மணிக்கு ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றேன். கையில் வாத்தியம் இல்லாமல் ஒரு மேடையில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் முப்பது பேர், எல்லோருக்கும் நொட்டேஷன் தெரியும். அன்ரனி இரண்டாவது வரிசையில் இருந்தான். பேப்பரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். வெங்கய்யா தானே ஒரு வயலினை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவதில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக் கையை இறக்கினேன். புல்லாங்குழல் பாய்ந்தது, எல்லோரும் கூடவே பாய்ந்தார்கள். ஒரே ஒரு வயலின் மட்டும் எட்டுவரை போனது.

வெங்கய்யா வில்லை இறக்கி என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

"மறுபடியும், சார்" என்றேன்.