மூக்கைப் பார்த்து நம்பியவன்

கொளஞ்சியப்பனை எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது. ஆஸ்பத்திரி லேபில் ஊரார் சளியையும் ரத்தத்தையும் இருபது வருஷம் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவன் நான். அருவருப்பு வந்தது அவனிடம் மட்டும்தான்.

எழுபத்தாறு சித்திரையில் முகாமுக்கு வந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டான். மூன்று மாதம் உறை போட வேண்டும், பிறகு விந்தைச் சோதிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி, பாக்கெட்டும் கொடுத்தோம். அவனோ பெரிய துரை மாதிரி அதைத் தன் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டான். மீன்சுருட்டித் தெருவில் ஒரு வாரம் பலூன் விளையாட்டு.

ஆடியில் அவன் மனைவி செங்கமலம் முழுகாமல் இருப்பது தெரிந்தது. களையெடுத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். அவளை அடித்து, பிள்ளைகளோடு வாலிகண்டபுரத்துத் தாய்வீட்டுக்குத் துரத்தினான். அதன் பிறகுதான் நாலு சொந்தக்காரர்களோடு சோதனைக்கு வந்தான். கண்ணாடியில் ஒரு விந்தணுகூட இல்லை. மீசையை முறுக்கினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். வெட்டியது விரையிலிருந்து மேலே ஏறும் குழாயை. விந்து நீர் ஊறுவது மூத்திரப்பைக்குப் பின்னாலுள்ள இரண்டு பைகளிலும், மூத்திரப்பைக்கு அடியில் பெரிய கொட்டைப்பாக்கு அளவிலிருக்கும் சுரப்பியிலும். அங்கே யாரும் கத்தி வைக்கவில்லை. வெட்டுக்கு அப்பால் ஏற்கெனவே ஏறி நின்ற அணுக்கள் அந்த நீரோடு பல வாரம் வெளியே வரும். இவள் தரித்தது முதல் மாதத்தில். இப்போது கண்ணாடி காலியாக இருப்பது அன்றைக்குச் சாட்சி ஆகாது.

"காயிதத்துல கோடு போட்டா அது எம்புள்ள ஆயிடுமா சார்?" என்றான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுவருஷம் வந்து கெஞ்சினான். குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்தானாம், அச்சு அசலாக அவன் மூக்காம். மனைவியை அழைத்துவர என்னையும் துணைக்கு இழுத்துப் போனான். மூக்கைச் சொல்லிச் சொல்லி வாசலில் நின்று அழுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செங்கமலம் சொன்னாள்.

"சார் படம் போட்டுச் சொன்னாராமே, அப்ப நம்பல. இப்ப மூக்கப் பாத்து நம்புறீங்க. புள்ளைக்கு எம்மூக்கு வந்திருந்தா?"

 அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு மட்டும் பாய் போட்டார்கள்.