மெழுகு தேய்த்த மேடை

எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கில் கடைவரிசைக்குப் பின்னால் இருந்த பழைய நாற்காலிக் கிடங்குதான் எங்கள் நண்பர் கூட்டத்தின் இடம். பகலில் ஸ்கேட்போர்டு, சாயங்காலம் பாட்டு. சறுக்கும் சரிவுகளைப் பிளைவுட்டில் நாங்களே அறைந்து செய்திருந்தோம். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் வட்ட வட்டமாக விழும். அதன்மேல் சக்கரங்கள் ஓடும் சத்தத்தில் நான் பாதிக் கனவில் இருப்பேன். வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை, அப்பாவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

அப்பா எஸ்டேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவர். "பொம்பள பிள்ள டிரம் அடிச்சு எங்கமா போவப் போற? ஒரு தடவ வந்து பாக்குறேன். புடிக்கலன்னா அதோட நிறுத்திக்கணும்லா" என்றார். தலையாட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்போலச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்றார். வெளியே மழை. மஞ்சள் விளக்கில், பாட்டுக் கேட்க வந்த எல்லோர் முகமும் தண்ணீருக்கடியில் மிதந்தது. எங்கள் கூட்டத்து மலாய்க்காரத் தோழி பாட, நான் அடிக்கத் தொடங்கினேன்.

முதல் பாட்டின் பாதியில், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் என்னைவிட்டு நகர ஆரம்பித்தது. மிதிக்கு ஒரு விரற்கடை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் மேடை பகலில் ஸ்கேட்போர்டு சறுக்கும் மரப்பெட்டி. நன்றாக வழுக்குவதற்கு மெழுகுவர்த்தி தேய்ப்போம். தேய்த்தவரே சாயங்காலம் அதைச் சுரண்டிக் கம்பளம் விரிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அன்று தேய்த்தவள் நான். அப்பா வரும் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்த மகராசியும் நான்தான்.

டிரம் விளிம்புக்கே போய்விட்டது. அழுகை முட்டியது. காலை எட்டி எட்டி மிதித்தேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். மேடை விளிம்பில் உட்கார்ந்து, டிரம்முக்கு முதுகைக் கொடுத்து, கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டார். நான்கு பாட்டும் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. என் ஒவ்வொரு அடியும் அவர் முதுகில் விழுந்தது.

காரில் திரும்பும்போது நான்தான் கேட்டேன்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"ஒன்ன எங்கமா பாத்தேன்? முதுக காட்டிட்டு உக்காந்திருந்தேன்லா."

பாக்குறேன் என்று வந்தவர் பார்க்கவே இல்லை.

"ஒன்ன பாக்குறவங்க மூஞ்சியதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "நாலு பாட்டும்."

சிக்னலில் கார் நின்றது.

"இனிமே சனிக்கிழம சாயங்கால பஸ் டிரிப்ப வேற ஆளுக்கு மாத்திவிடச் சொல்லணும்."